ஏருக்கும் சவாரிக்கும்

எம் பாட்டனார் மாடு வாங்கப் புறப்படும்போது தனியே செல்வதில்லை. சுழி பார்க்கத் தெரிந்தவர் ஒருவர், பல்லைப் பிடித்து வயது சொல்லத் தெரிந்தவர் ஒருவர், விலை பேசத் தெரிந்தவர் ஒருவர் என மூவரை உடன் அழைத்துக்கொண்டே செல்வார். "பிழையான மாடு வீட்டுக்கு வந்தால், அது சாகும் வரைக்கும் அந்தப் பிழையோடுதான் சீவிக்க வேண்டும்" என்பது அவர் கூறும் நியாயம். அவரிடம் இருந்த எருதுகள் ஒரு சோடியே. விதைப்புக் காலத்தில் அவை ஏர் இழுக்கும். வயல் வேலை ஓய்ந்ததும் அவையே சவாரித் திடலில் வண்டி பூட்டி ஓடும். சவாரிக்கென்றே தனியாக மாடு வளர்த்த செல்வர்கள் ஊரில் இருந்தனர். அவர்களுடைய மாடுகளைப் பாட்டனாரின் எருதுகள் ஒரு நாளேனும் வென்றதாக நாம் கேள்விப்பட்டதில்லை. ஆயினும், ஓடாமல் நின்றதாகவும் கேள்விப்பட்டதில்லை.

இக்கதைக்கும் கணினிக்குத் திரை வாங்குவதற்கும் என்ன தொடர்பு என வாசகர்கள் ஐயுறக்கூடும். தொடர்பு உண்டு. ஒரே திரையில் தந்தை தொழில் செய்யவும் மைந்தன் விளையாடவும் வேண்டுமென்ற நிலை எம் வீட்டில் உண்டானபோது, நாம் முதலில் நினைத்துக்கொண்டது அந்த எருதுகளைத்தான். இன்று பல வீடுகளில் இந்நிலை இருக்கின்றது. ஆதலின், எமக்கு நேர்ந்ததை ஒளியாமல் எழுதினால் ஒரு சிலருக்கேனும் பயன்படும் என்னும் எண்ணத்துடன் இதனை எழுதுகின்றோம்.

எம் வீட்டில் இருந்த பழைய திரை 2012 ஆம் ஆண்டு வாங்கியது. பதினெட்டரை அங்குலம். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதன் நடுவே மயிரிழை போன்ற ஒரு கோடு மேலிருந்து கீழாகத் தோன்றிற்று. அக்காலம் எத்தகையது என்பதை எவரும் மறந்திரார். அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்திற்குள் 360 ரூபா வரை ஏறிற்று. நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. பாலும் எரிவாயுவும் தேடித் திரிந்த வேளையில் திரையில் உள்ள கோட்டை எவர் பொருட்படுத்துவர்? கோடு இருந்தது, நாமும் இருந்தோம். சில ஆண்டுகளில் ஒரு கோடு மூன்று கோடாயிற்று, ஓரங்கள் பழுப்பேறின. பழகிய குறை குறையாகத் தோன்றுவதில்லை என்பதற்கு எம் கண்களே சாட்சி.

அக்குறை ஒரு நாள் எம்மைத் தலைகுனிய வைத்தது. நாம் கல்லூரியிலே தமிழ் கற்பிப்பவர். சென்ற ஆண்டின் இரண்டாந் தவணைப் பரீட்சைக்குப் பத்தாந் தர வினாத்தாளை நாமே தட்டெழுதி, திரையிலேயே ஒருமுறை வாசித்து, அச்சுக்குக் கொடுத்தோம். புணர்ச்சி பற்றிய வினாவில் 'மண் + குடம்' என்பதைச் சேர்த்தெழுதுமாறு கேட்டிருந்தோம். எதிர்பார்த்த விடை 'மட்குடம்'. விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒரு மாணவி மட்டும் 'மணக்குடம்' என எழுதியிருந்தாள். சிவப்பு மையால் ஒரு புள்ளடி இட்டு அடுத்த தாளுக்குச் சென்றோம்.

விடைத்தாள்களை வகுப்பில் திருப்பிக் கொடுத்த அன்று அப்பிள்ளை எம் மேசைக்கு அருகே வந்து நின்றாள். "சேர், கேள்வியில் 'மண' என்றுதானே இருக்குது?" என்று மெதுவாகக் கேட்டாள். வினாத்தாளை வாங்கிப் பார்த்தோம். அங்கே மெய்யெழுத்தின் புள்ளி இல்லை. ஏனைய மாணவர்கள் பாடநூற் பழக்கத்தால் புள்ளியைத் தாமே மனத்தில் இட்டுக்கொண்டு 'மட்குடம்' என எழுதிவிட்டனர். அப்பிள்ளையோ எழுதியிருந்ததை எழுதியபடியே வாசித்து, அதற்குரிய விடையை இலக்கணத்தில் ஒரு பிழையும் இன்றி எழுதியிருந்தாள். வகுப்பில் உண்மையாக வாசித்தவள் அவள் ஒருத்தியே. எழுத்தின் புள்ளியை நாம் தவறவிட்டதால் பிள்ளையின் புள்ளியை நாம் குறைத்துவிட்டோம். அவளிடமும் வகுப்பிடமும் மன்னிப்புக் கேட்டு, புள்ளியைத் திருத்திக் கொடுத்தோம். அவள் தலையசைத்துச் சென்று அமர்ந்தாள். எமக்குத்தான் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து திரையைக் குறை கூறினோம். உயர்தர வகுப்பிற் கற்கும் எம் மூத்த மகன் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, "அப்பா, திரையும் பிழைதான். நீங்கள் இப்போது பேப்பரையும் கையை நீட்டிப் பிடித்துத்தானே வாசிக்கிறீர்கள்?" என்றான். சினம் வந்தது; ஆயினும் உண்மை. கண் வைத்தியரிடம் சென்றோம். நாற்பதைக் கடந்தோர்க்கு வரும் வெள்ளெழுத்து எனக் கூறி அவர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயதோடு இறுகி, அண்மையில் உள்ளதைக் காணும்பொருட்டு வளைந்து கொடுக்கும் தன்மையை இழப்பதே வெள்ளெழுத்தாகும். வாசிப்பதற்கென எழுதும் கண்ணாடி ஏறத்தாழ ஒன்றேகால் அடித் தூரத்துப் புத்தகத்திற்கு ஏற்றது. கணினித் திரையோ இரண்டடிக்கும் அப்பால் இருப்பது. "திரையில் வேலை செய்பவரென்றால் அத்தூரத்தையும் அளந்து சொல்லுங்கள்" என்றார் வைத்தியர். திரை வாங்குவதற்கு முன் கண்ணைப் பரிசோதிப்பது நன்று என நாற்பதைக் கடந்த நண்பர்களுக்கு நாம் கூறுவது இதனால்தான். மங்கிய கண்ணுக்கு எத்திரையும் மங்கியதே.

புதிய திரை வேண்டுமென்பது முடிவாயிற்று. எத்திரை என்பதிலேதான் வழக்கு எழுந்தது. மகன் தன் கணினியைப் பழைய உறுப்புகளைக் கொண்டு தானே பொருத்தியவன். கனடாவில் இருக்கும் அவன் மாமன் தாம் பயன்படுத்திய கிராபிக்ஸ் அட்டை ஒன்றைக் கொடுத்திருந்தார். நாளுக்கு ஒரு மணி நேரம் நண்பர்களுடன் இணையவழி விளையாடுவான். அவன் கேட்டது 24 அங்குலத் திரை. அகலவாக்கில் 1920, நெடுக்குவாக்கில் 1080 ஒளிப்புள்ளிகள் கொண்டது. செக்கனுக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்க வல்லது. "எழுத்துக்கும் இது காணும், அப்பா" என்றான். நாம் கேட்டதோ '4கே' எனப்படும் 27 அங்குலத் திரை. 3840க்கு 2160 ஒளிப்புள்ளிகள். எழுத்து அச்சிட்டாற்போல் இருக்கும். செக்கனுக்கு 60 முறை மட்டுமே புதுப்பிக்கும். "விளையாட்டுக்கு இது காணும், தம்பி" என்றோம்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். 4கே திரையின் ஒளிப்புள்ளிகள் 82,94,400. 1080 திரையினுடையவை 20,73,600. அதாவது நான்கு மடங்கு. அத்தனை புள்ளிகளையும் நிரப்ப மகனுடைய பழைய அட்டையால் இயலாது, விளையாட்டு நொண்டும். இது எமக்குத் தெரியாததன்று, தெரிந்தே கேட்டோம். பரீட்சைக் காலத்தில் அவன் விளையாட்டு தானே ஓயுமென்ற கள்ள எண்ணம் எம் உள்ளத்தில் இருந்தது. நேரே 'விளையாடாதே' என்று கூறும் துணிவின்றி, திரையைக் கொண்டு அவனைக் கட்ட எண்ணினோம். ஆசிரியர் ஒருவர் செய்யத்தக்க செயல் அன்று.

வழக்கைத் தீர்த்தவர் எம் இல்லாளே. திரைக்குரிய பணம் அவருடைய சீட்டுப் பணம். ஆதலின் தீர்ப்பும் அவருடையதே. இருவரும் சொல்வதைக் கேட்டிருந்துவிட்டு, "இரண்டு பேரும் மற்றவருக்கு எது காணும் என்றுதான் சொல்கிறீர்கள்; மற்றவருக்கு என்ன வேணும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் ஒரு கிழமை தம்பி விளையாடுவதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். தம்பி, நீ அப்பாவின் அடுத்த வினாத்தாளை எழுத்தெழுத்தாய் வாசி. பிறகு அவருக்கு நீ தெரிவு செய். உனக்கு அவர் தெரிவு செய்யட்டும். இரண்டும் ஒரு திரையில் வந்தால் வாங்கலாம், வராவிட்டால் என் காசு என்னிடமே இருக்கட்டும்" என்றார். மறுத்துப் பேச எம்மிடம் வாதம் இருந்தது, பணம் இருக்கவில்லை.

அவ்வாறே ஒரு கிழமை மகனுக்கு அருகே கதிரையைப் போட்டு அமர்ந்தோம். முதல் நாள் அவன் விளையாடியது 'ரொக்கெற் லீக்' என்பது. மோட்டார் வண்டிகள் பந்தை முட்டி மோதிக் காற்பந்து ஆடும் விளையாட்டு. வண்டிகள் சுவரிலும் ஏறும், ஆகாயத்திலும் பறக்கும். எமக்குச் சிரிப்பு வந்தது. பின்னர், பந்து எங்கே விழுமென முன்கூட்டியே கணித்து, அது வருமுன் வண்டியை அங்கே கொண்டு நிறுத்தும் அவன் திறமை எமக்குப் புலனாயிற்று. பந்து திரையைக் குறுக்கே கடக்கும்போது துண்டு துண்டாகத் தாவிச் செல்வதையும் கண்டோம். செக்கனுக்கு 60 படம் காட்டும் திரையில் ஒரு படத்திற்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 16.7 மில்லி செக்கன் கழிகின்றது. 144 எனில் ஏறத்தாழ 7 மில்லி செக்கன். அவன் வேண்டியது பகட்டன்று. பந்து எங்கே இருக்கின்றது என்னும் செய்தியே என்பது அப்போது விளங்கிற்று.

மூன்றாம் நாள் சுடும் விளையாட்டு ஒன்று. அறையில் ஓசை ஏதும் இல்லை. அவன் காதில் ஒலிவாங்கி பொருத்திய காதணி இருந்தது. "சத்தத்தை வெளியே விடேன், கேட்போம்" என்றோம். அவன் சற்றுத் தயங்கி, "வேண்டாம் அப்பா, உங்களுக்குப் பிடியாது" என்றான். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்து நடந்தபோது நாம் பள்ளி மாணவர். அவ்வோசைகள் எம் செவியை விட்டு இன்னும் முற்றாக நீங்கவில்லை. அவற்றைப் பற்றி அவனிடம் நாம் ஒரு நாளும் கூறியதில்லை. அவன் எப்போது கவனித்தான், எத்தனை காலமாக இவ்வாறு காதை மூடிக்கொண்டு விளையாடுகின்றான் என்று நாம் கேட்கவில்லை. அவனை நாம் அறிந்ததிலும் எம்மை அவன் மிகுதியாக அறிந்திருந்தான். அவ்விளையாட்டு எமக்கு இன்றும் உவப்பானதன்று. ஆனால் திரையைக் கொண்டு அவனைக் கட்டும் எண்ணம் அன்றே எம்மை விட்டகன்றது.

தொழிலும் விளையாட்டும் ஒரு திரையிற் கூடுவது இழிவென நாம் எண்ணியதற்கும் ஆதாரம் இல்லை. 1952 ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஏ. எஸ். டக்ளஸ் என்பார், மனிதனும் கணினியும் பழகும் முறை பற்றிய தம் ஆராய்ச்சிக்காக, 'எட்சாக்' என்னும் கணினியில் பூச்சியமும் புள்ளடியும் இடும் விளையாட்டை அமைத்தார். கணினியின் நினைவகத்தைக் காட்டுவதற்கென இருந்த குழாயே அதற்குத் திரை. அதில் 35க்கு 16 ஒளிப்புள்ளிகள், ஆக 560 மட்டுமே. 1958 இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் வில்லியம் ஹிகின்பொதம், பார்வையாளர் தினத்திற்கு வருவோர் மகிழும்பொருட்டு, மின்னலைகளை ஆராயும் கருவியின் சிறு திரையில் டென்னிஸ் விளையாட்டைக் காட்டினார். இவ்விரண்டும் விளையாட்டுக்கென்று செய்த தனித்திரையில் ஓடியவையல்ல. வேலைத் திரையில்தான் இவ்விளையாட்டுகள் பிறந்தன. எம் பாட்டனார் இதனைக் கேட்டிருப்பின் வியந்திரார்.

மறுபுறம், மகன் எம் மூன்றாந் தவணை வினாத்தாளின் வரைவை எழுத்தெழுத்தாக வாசித்தான். அரை மணி நேரத்தில் எழுந்து வந்து, "அப்பா, இந்தத் திரையில் 'ண'வையும் 'ன'வையும் சின்ன எழுத்தில் பிரித்தறிவதே கஷ்டம். ஆங்கிலத்துக்கு இது பரவாயில்லை, தமிழுக்குக் காணாது" என்றான். சரியான அவதானம். சுழிகளும் கொம்புகளும் மேற்புள்ளியும் உடைய எம் எழுத்து, ஆங்கில எழுத்தினும் செறிவான திரையை வேண்டுவது. 'இரண்டு சுழியோ மூன்று சுழியோ' என்பது எமக்கு அழகைப் பற்றிய வினாவன்று, பொருளைப் பற்றியது. தமிழில் தொழில் செய்வோர், பிறமொழியாளர் எழுதிய ஆலோசனையை அப்படியே கைக்கொள்ளலாகாது என்பதை எமக்கு உணர்த்தியவன் அவனே.

இப்பயிற்சி முடிந்தபின் இருவரும் யாழ் நகரத்துக் கடைகளுக்குப் புறப்பட்டோம். புள்ளி விடுபட்ட அந்த வினாத்தாளைப் பென் டிரைவில் எடுத்துச் சென்றோம். கடைகளில் திரைகளில் ஓடுவன மலர்களும் மீன்களும் பனிமலைகளுமே. அவை எத்திரையிலும் அழகாகவே தோன்றும். திரை வாங்கச் செல்வோர் தாம் நாள்தோறும் பார்க்கும் பொருளையே எடுத்துச் சென்று அதில் இட்டுப் பார்த்தல் வேண்டும்.

முதற் கடைக்காரர் 27 அங்குல வளைந்த திரை ஒன்றைக் காட்டி, "மாஸ்ரர், பெரிசு, மலிவு, 165 ஹேர்ட்ஸ்" என்றார். பெரிது என்பதும் மலிவு என்பதும் உண்மை. ஆனால் அதன் ஒளிப்புள்ளிகள் 1920க்கு 1080 மட்டுமே. அதே எண்ணிக்கையான புள்ளிகளைப் பெரிய பரப்பில் விரித்தால் ஒவ்வொரு புள்ளியும் பருமனாகும் அன்றோ? 27 அங்குலத்தில் ஒரு புள்ளியின் அகலம் ஏறத்தாழ 0.31 மில்லிமீற்றர்; 24 அங்குலத்தில் 0.28. ஒரு கை தூரத்தில், அதாவது ஏறத்தாழ 70 சென்ரிமீற்றரில், நல்ல கண் பிரித்தறியக்கூடியது 0.2 மில்லிமீற்றர் அளவினையே. வினாத்தாளை அப்பெரிய திரையில் இட்டோம். மகன் குனிந்து பார்த்து, "அப்பா, ஆய்தம் மூன்று புள்ளியாய்த் தெரியவில்லை" என்றான். வெளியே வந்தோம். அங்குலத்தை மட்டும் கேட்டு வாங்குவோர் ஏமாறுவது இங்கேதான்.

இரண்டாவது கடையில் 4கே திரையைக் கண்டோம். அதன் புள்ளி 0.16 மில்லிமீற்றர், எழுத்தோ கல்லிற் பொறித்தாற்போல் இருந்தது. எம் மனம் அதில் ஒரு கணம் ஒட்டிற்று. ஆயினும் மகனுக்காகத் தெரிவு செய்ய வந்தவர் நாம். அத்திரையில் எழுத்துகள் மிகச் சிறியனவாய்த் தோன்றுமாதலின் அவற்றை ஒன்றரை மடங்கு பெருப்பித்தே பயன்படுத்த வேண்டும். அவ்வாறு பெருப்பித்தபின் தாள் விரிக்கக் கிடைக்கும் இடம் 2560க்கு 1440 புள்ளி கொண்ட திரையின் இடத்திற்குச் சமம். கூர்மை மட்டுமே மிகுதி. அக்கூர்மைக்காக மகனின் அட்டையை நான்கு மடங்கு சுமை சுமக்க வைக்க வேண்டும். "இது வேண்டாம்" என்று நாமே கூறினோம். மகன் எம்மைத் திரும்பிப் பார்த்தான்.

அதே கடையில் மூன்றாவதாக ஒரு திரை இருந்தது. 27 அங்குலம், 2560க்கு 1440, செக்கனுக்கு 165 முறை. ஒரு புள்ளி 0.23 மில்லிமீற்றர். மொத்தப் புள்ளிகள் 36,86,400. 1080 திரையைவிட முக்காற்பங்குக்குச் சற்று மிகுதியே. மகனின் அட்டை சில காட்சி நுணுக்கங்களைக் குறைத்துக்கொண்டு அதனைச் சுமக்கும். வினாத்தாளை இட்டோம். மகன் முதலாம் வினாவிலிருந்து கடைசி வினா வரை வாசித்துவிட்டு, "'மண' என்பதில் புள்ளி இல்லை, நன்றாகத் தெரிகிறது" என்றான். கடைக்காரருக்கு அதன் பொருள் விளங்கவில்லை, எமக்கு விளங்கிற்று. பின்னர் நாம் ஓடும் காட்சி ஒன்றைக் கேட்டு, 60 ஹேர்ட்ஸ் திரையோடு இதனைப் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பார்த்து, "தம்பிக்கு இது சரி" என்றோம்.

மற்றைய நுட்பங்களையும் சுருங்கக் கூறிவிடுவோம். திரைத் தகடுகளில் ஐ.பி.எஸ். வகை பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாதது. எழுத்துக்கும் விளையாட்டுக்கும் பொதுவாக ஏற்றது. ஆயினும் இருட்டறையில் அதன் கருமை சற்றுச் சாம்பலாய்த் தோன்றும். வி.ஏ. வகை ஆழ்ந்த கருமை தரும். ஆனால் அவ்வகையிற் பலவற்றில், இருண்ட காட்சிகளில் ஓடும் பொருளின் பின்னே நிழல் இழுபடும். ஓ.எல்.ஈ.டி. வகை இரண்டிலும் சிறந்தது. எனினும் விலை மிகுதி. ஒரே பட்டியை நாள்தோறும் மணிக்கணக்கில் காட்டினால் அதன் வடு நிலைத்துவிடும் அபாயமும் உண்டு. புள்ளி அட்டவணையை மாலை முழுதும் திறந்து வைத்திருக்கும் ஆசிரியருக்கு அது உகந்ததன்று. பெட்டியின் மேல் '1 மில்லி செக்கன்' எனப் பெரிதாக அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்கலாகாது; ஒவ்வொரு நிறுவனமும் தனக்குச் சாதகமான நிலையில் வைத்து அதனை அளக்கின்றது. அட்டை தரும் படங்களின் வேகத்துக்கு ஏற்பத் திரையும் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி உண்டா என்று கேட்டல் வேண்டும். 2013 முதல் வழங்கிவரும் இவ்வேற்பாடு, வலுக்குறைந்த அட்டை உடையோர்க்கே பெரிதும் உதவுவது. திரையின் கால் உயர்ந்து தாழுமா என்றும் பார்த்தல் வேண்டும். எம் மகன் எம்மைவிட நான்கு அங்குலம் உயரம்.

விலை எம் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி. இல்லாளின் சீட்டுப் பணத்துடன் நாமும் சிறிது சேர்த்துக் கொடுத்து, திரையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அன்று மாலை நடந்ததையும் மறைக்காமல் எழுதுகின்றோம். திரையைப் பொருத்தி முதலில் நாமே அமர்ந்தோம். புள்ளி அட்டவணையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்து, "என்ன வழுவழுப்பு! 165 என்றால் 165தான்" என்று வியந்து மனைவியையும் அழைத்துக் காட்டினோம். மகன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். பின்னர் கணினியின் அமைப்புப் பகுதியைத் திறந்து காட்டினான். அங்கே 60 என்றே இருந்தது. வேகமான திரையை வாங்கினாலும், கணினியில் அவ்வேகத்தை நாமே தெரிவு செய்யும் வரை அது பல வேளைகளில் 60 இலேயே ஓடும். வடமும் அதற்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். எம் திரையில் எச்.டி.எம்.ஐ. துறை 144 வரையுமே தரும், டிஸ்பிளே போர்ட் துறைதான் 165 தரும். மகன் வடத்தை மாற்றி, எண்ணை மாற்றினான். அட்டவணையை மீண்டும் நகர்த்தினோம். முன்னர் நகர்த்தும்போது பெயர்கள் மங்கிப் பின் தெளிந்தன. இப்போது நகரும்போதே பெயர்களை வாசிக்க முடிந்தது. விளையாட்டுக்கென நாம் ஏளனம் செய்த வேகம் எம் வேலைக்கே உதவிற்று. அவ்வாறே, எழுத்துக்கென நாம் வேண்டிய செறிவு தூரத்தில் வரும் வண்டியை மகனுக்குத் தெளிவாகக் காட்டிற்று.

மேசையையும் சற்று மாற்றினோம். யன்னல் ஒளி திரையில் விழாதபடி பக்கவாட்டில் திருப்பி வைத்தோம். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திற்குச் சற்றுக் கீழே இருக்குமாறு தாழ்த்தினோம். வாங்கியபோது இருந்த கண்ணைக் கூசும் ஒளியை, அருகில் வைத்த வெள்ளைத் தாளின் வெண்மைக்கு ஒப்பாகும் வரை குறைத்தோம். இருபது நிமிடத்திற்கு ஒருமுறை இருபது அடித் தூரத்தில் உள்ள பொருளை இருபது செக்கன் பார்த்தல் வேண்டுமென்பது கண் வைத்தியர்கள் கூறும் விதி. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைந்து கண் வறள்கின்றது என்பதும் அவர்கள் கூறுவதே. எம் முற்றத்து வேம்பு ஏறத்தாழ இருபது அடியில் நிற்கின்றது, அது போதும்.

மாலை ஏழு மணி வரை திரை எம்முடையது; எட்டு முதல் ஒன்பது வரை மகனுடையது; இடைப்பட்ட ஒரு மணி நேரம் அவன் எம் வினாத்தாள்களை வாசிக்கும் நேரமாயிற்று. இதனை எவரும் விதிக்கவில்லை, தானே அமைந்தது. மூன்றாந் தவணை வினாத்தாளில் அவன் இரண்டு பிழைகளைக் கண்டுபிடித்தான். ஒன்று எழுத்துப் பிழை. மற்றது ஒரே வினாவை நாம் இருமுறை கேட்டிருந்தது. எத்துணைச் சிறந்த திரையும் இரண்டாம் பிழையைக் காட்டியிராது. அதற்கு இன்னொரு மனிதனின் கண் வேண்டும்.

ஆதலின் வாசகர்களுக்கு நாம் கூறுவது இதுவே. வீட்டிற் பலர்க்கும் பொதுவான ஒன்றை வாங்க நேர்ந்தால், கடைக்குச் செல்லுமுன் ஒரு கிழமை ஒருவர் மற்றவருக்கு அருகே கதிரையைப் போட்டு அமருங்கள். எமக்கு எழுத்தில் 4கே திரைக்கு நிகரான கூர்மை கிடைக்கவில்லை. மகனுக்கு விளையாட்டில் மிகச் சிறந்த வேகமும் கிடைக்கவில்லை. இருவர்க்கும் போதுமானது கிடைத்தது.

மூன்றாந் தவணைப் பரீட்சையில் அம்மாணவி வினாத்தாளை வாங்கியதும் முதலில் அதனை ஒளிக்கு நேரே பிடித்து மேலிருந்து கீழாக ஒருமுறை ஆராய்ந்து பார்த்ததை நாம் கண்டோம். பிறகுதான் பேனாவைத் திறந்தாள். அவள் வாசித்து முடிக்கும் வரை நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டே நின்றோம்.